துரைசானி பார்க்க வந்த பூப்பாத்தி

பூவைப் பார்த்தால் பாட்டு வருமாம். வரும், எனக்கே வந்திருக்கிறது. வராமலே இருந்திருக்கலாம் என்று இன்றுவரை வயிறெரிகிறேன்.

கல்யாணமாகி, மலாயாவில் பெடாஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்தபோது எனக்கு வயது பத்தொன்பது. என் வீட்டுக்காரர் அங்கே ஆபீஸ் கணக்கெழுதும் சின்னக் கிராணி. தோட்டத்து ஆட்களின் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில் கடைசி வீடு எங்களுடையது. வாசலில் காசித்தும்பை, வாடாமல்லி, கோழிக்கொண்டை, அந்திமந்தாரை என்று பாத்தி கட்டி வளர்த்தேன். எல்லாம் பழைய ரகம். தண்ணீரைக் காட்டினால் பூத்துக் கொட்டும். அந்திமந்தாரை மலரும் நேரம் படியில் உட்கார்ந்தால் கும்மிப் பாட்டு தானாக வரும். (தானாக என்பது கொஞ்சம் அதிகம். ஒரு வரி வருவதற்குள் எத்தனையோ நாள் சோறு அடிப்பிடித்திருக்கிறது.)

தோட்டத்தை நிர்வகிக்கப் புதிதாக வந்த வெள்ளைக்காரத் துரைக்கு, ரப்பர் மரத்தைத் தவிர மண்ணில் எது முளைத்தாலும் அது புல். செடி இருந்தால் கொசு வரும், வீட்டு வாசலிலும் வெறும் மண்தான் தெரிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். நான் அழுத அழுகையில் என் வீட்டுக்காரர் பங்களாவுக்குப் போய்த் துரையின் மனைவி துரைசானியிடம் கெஞ்சினார். அந்தம்மாள் பூக்களைப் படம் வரைகிறவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பார்ப்பதாகவும், பிடித்திருந்தால் பாத்தியை விட்டுவிடச் சொல்லித் துரையிடம் பேசுவதாகவும் சொன்னார்.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் செடியைப் பார்க்க வருகிறார் என்று சொன்னால் என் கௌரவம் என்னாவது? குழாயடியில் நின்று, "ஞாயித்துக்கெழம தொரசானி எங்க வீட்டுக்கு வர்றாங்க, என்னையப் பாக்க!" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். செடியைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஞாயிறு காலை பிஸ்கோத்து வாங்குவதற்காக, வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு பெடாஸ் மரைக்காயர் கடைக்குப் போனேன். வழியெல்லாம் துரைசானிக்காகக் கட்டிய பாட்டை முணுமுணுத்தேன். கடைசி அடியில் அவரைக் கோழிக்கொண்டைப் பூவுக்கு ஒப்பிட்டிருந்தேன். (அந்தம்மாள் தலைமுடி சிவப்பு. நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.)

திரும்பி வந்தால், வாசலில் வெறும் செம்மண். புல்வெட்டும் ஆட்களை மேய்க்கும் மண்டோர் வேர்வையைத் துடைத்தபடி பல்லெல்லாம் தெரிய நின்றார்.

"தொரசானி வர்றாங்கன்னு ஒரே பேச்சா இருந்துச்சு கிராணியம்மா. லீவுன்னும் பாக்காம பொம்பளைங்கள எறக்கிட்டேன். ஒரு தூரு விடல லா!"

"செடியெல்லாம் எங்க மண்டோரே?"

"ஆத்துல தள்ளியாச்சு. எல்லாம் ஒங்களுக்காகத்தான்!"

அவரை எப்படித் திட்டுவது? விஷயத்தைச் சொல்லாமல் ஜம்பமடித்தது நான் அல்லவா!

துரைசானி வர்ணப் பெட்டியோடு வந்தார். என் வீட்டுக்காரர் நடந்ததை இங்கிலீஷில் தடுமாறித் தடுமாறி விளக்கினார். பாட்டைக் கேட்டாலாவது புரியட்டும் என்று நான் பாடினேன். 'இங்கே காசித்தும்பை, அங்கே வாடாமல்லி' என்று செம்மண்ணைக் கை காட்டிக் கை காட்டிப் பாடினேன். அந்தம்மாள் மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரித்து ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றேன்.

"தொர உத்தரவ நம்ம மட்டுந்தான் மதிச்சிருக்கோமாம். தொரகிட்ட சொல்றாங்களாம்" என்றார் என் வீட்டுக்காரர், தரையைப் பார்த்தபடி.

சொல்லியும்விட்டார். சின்னக் கிராணி வாசலைப் போலவே எல்லா வாசலும் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அண்டை அயலாரின் பாகற்கொடி, துளசி, முருங்கைக்கன்று எல்லாம் போயிற்று. குழாயடியில் என்னோடு பேச ஆளில்லை. அந்த வருஷம் முழுக்க மனம் வெந்துபோய்க் கிடந்தேன். பிறகு நான் பாட்டே கட்டவில்லை. வெறும் மண்ணைப் பார்த்து எனக்குப் பாட்டு வராது.

ஆனால் என் வீட்டுக்காரருக்கு ஒரு கிண்டல் கிடைத்துவிட்டது. பிள்ளைகளில் யார் ஒட்ட முடிவெட்டிக்கொண்டு வந்தாலும், "என்ன, தொரசானி பாக்க வர்றாங்களா?" என்பார். வீடே சிரிக்கும், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் அவர் போய்விட்டார். கொள்ளி வைத்த பெரியவன் மொட்டைத் தலையோடு வீட்டுக்குள் நுழைந்தான். கடைசிப் பெண் நிமிர்ந்து பார்த்து, அழுகையோடு அழுகையாக, "என்னண்ணே, தொரசானி பாக்க வர்றாங்களா?" என்றாள். துக்க வீடு சிரித்தது. முதன்முறையாக நானும் சிரித்தேன்.