எருமையின் ஓபராவும் கரடியின் தலைமையுரையும்

ஒரு காட்டில் ஓர் எருமை இருந்தது. "ஐயோ பாவம், யாரோ ஒரு எருமை" என்று யாரும் பரிதாபப்பட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். அந்த எருமை நான்தான்.

எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி என்று ஒரு பேச்சு உண்டே, அதில் வருகிற எருமையும் எங்கள் குடும்பம்தான். மழை பெய்தால் எங்களுக்கு நன்றாகவே தெரியும். வெளியே காட்டிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எங்கள் குளக்கரைக்குச் சுற்றுலா வந்த யாரோ ஒரு ரேடியோவை மறந்து விட்டுப் போனார்கள். கழுத்தளவு தண்ணீரில் கிடந்தபடி அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் கெட்டுப்போனேன். ஒருநாள் அதில் பரோக் இசை என்று ஒன்று வந்தது. சுமார் முந்நூறு வருஷத்துக்கு முன்னால், கடலுக்கு அந்தப் பக்கம், அரண்மனைகளில் வாசித்த சங்கதி. அந்தக் காலத்து ஆட்கள் ஒரு சுரத்தைச் சும்மா வெளியே அனுப்ப மாட்டார்கள். ஜிமிக்கி, வளையல், ஒட்டியாணம் எல்லாம் பூட்டித்தான் அனுப்புவார்கள். அடுத்த நிகழ்ச்சியில் இந்தக் காலத்துப் புதுமை இசை வந்தது. அதில் சுரமே அநேகமாக வராது. தவறிப்போய் ஒன்று வந்துவிட்டால் உடனே ஒரு தகர டப்பாவைத் தட்டி அதை மறைத்துவிடுவார்கள்.

இரண்டையும் ஒரே மேடையில் ஏற்றினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அதுவும் கதை முழுக்கப் பாட்டாகவே நடக்கிற ஓபராவாக. புல் மேய்கிற பிராணிக்கு இந்த யோசனை எதற்கு என்று அன்றைக்கே யாராவது முதுகில் ரெண்டு வைத்திருக்கலாம். யாரும் வைக்கவில்லை. ஐந்து வருஷம் உட்கார்ந்து எழுதினேன். 'வற்றிய குளத்தின் வாக்குமூலம்' என்று பெயர் வைத்தேன். பெயரைக் கேட்ட என் மனைவி, "குளம் வத்தினா கஷ்டம் நமக்குத்தானே, அதை ஏன் ஊரைக் கூட்டிப் பாடணும்?" என்றாள். கலைஞனுக்கு வீட்டில் என்றைக்கு மரியாதை இருந்திருக்கிறது?

ஓபராவின் உயிர் கடைசி ஏழு நிமிஷத்தில் இருந்தது. வற்றிப்போகிற குளம் எல்லாரிடமும் விடைபெற்றுப் பாடும் பாட்டு அது. கீழே தவளைகள் நாலே நாலு சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்கும். படியில் இறங்குவது மாதிரி நாலு சுரமும் இறங்கும், மறுபடி மேலே போகும், மறுபடி இறங்கும். அதன் மேல் ஒரே ஒரு குரல். அந்தக் குரலைத் தேடி நான் போகாத மரம் இல்லை. குயிலுக்கு வருஷம் முழுக்கக் கல்யாணக் கச்சேரி. மைனா கதையைக் கேட்டுவிட்டு, குளம் வேஷம் கட்டினால் குண்டாகத் தெரிவேன் என்று மறுத்துவிட்டது. கடைசியில் அந்தக் குரல் கோமளாவிடம் கிடைத்தது. கோமளா ஓர் ஆந்தை.

ஆந்தை பாடினால் வீட்டில் எழவு விழும் என்பது எங்கள் காட்டு நம்பிக்கை. வாயைத் திறந்தாலே கல் வரும். கோமளாவின் இடது சிறகில் ஓர் இறகு கோணலாகவே இருக்கும். ஒரு கல்யாண வீட்டுப் பக்கத்து மரத்தில் உட்கார்ந்து தெரியாத்தனமாக ரெண்டு அடி பாடியதற்குக் கிடைத்த சன்மானம் அது. அன்றிலிருந்து அவள் பொந்துக்குள்ளே, சிறகுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டுதான் பாடுவாள். நான் பொந்துக்கு வெளியே நின்று கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எருமைக்கு!

"கோமளா, மேடையில ஏழு நிமிஷம். உனக்கே உனக்கு," என்றேன்.

"கல்லு விட்டாங்கன்னா?"

"ஒரு கல்லு விழாது. நான் பொறுப்பு."

"நெசமாவா, அண்ணே?"

"என் கொம்பு மேல சத்தியம்."

கோமளா சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சத்தியம் செய்வது சுலபம். மேடை பிடிப்பதுதான் கஷ்டம். வேங்கைமரத்தடி ரசிக சபாவில் விண்ணப்பப் படிவம் வாங்கக் காலை ஆறு மணிக்கே வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஓர் ஆமை நின்றது. போன வருஷத்துப் படிவம் வாங்க வந்ததாம். வெயில் ஏறிய பிறகு என் முறை வந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் குமாஸ்தா ஓணான் உட்கார்ந்திருந்தார்.

"நிகழ்ச்சி என்ன வகை?"

"ஓபரா."

ஓணான் தலையை நன்றாக ஆட்டினார். எனக்கு ஒரே சந்தோஷம். ஓணான் தலையாட்டுவதற்கும் சம்மதத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"பாட்டு, நாட்டியம், நாடகம், காலட்சேபம், பட்டிமன்றம். இதுல எது?"

"பாட்டும் நாடகமும் சேர்ந்ததுங்க. பழைய அரண்மனை இசையையும் இந்தக் காலத்து இசையையும்..."

"ரெண்டு கட்டத்துல டிக் போட்டா கம்ப்யூட்டர் எடுக்காது."

"அப்ப என்ன செய்யறது?"

"கடைசியில 'இதர'ன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதுல போட்டுடறேன்."

போட்டேவிட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன் என்பது, பத்து நாள் கழித்துச் சபா செயலாளர் கீரி கூப்பிட்டு அனுப்பியபோதுதான் தெரிந்தது.

"எருமை சார், உங்க நிகழ்ச்சி இதர வகையில வருது," என்றார் கீரி. "இரங்கல் கூட்டம், பாராட்டு விழா, கண் சிகிச்சை முகாம் எல்லாம் அந்த வகைதான். இதர வகைன்னா சிறப்பு விருந்தினர், தலைமையுரை, பொன்னாடை மூணும் கட்டாயம். தலைமையுரை முடிஞ்சாத்தான் மத்ததெல்லாம். சபா விதி."

"இது கலை நிகழ்ச்சிங்க."

"கலையும் இதரதான் சார்."



புதிதாக வருகிறவர்களுக்கு எங்கள் சபா ஞாயிற்றுக்கிழமை பதினொன்றிலிருந்து ஒன்று வரைதான் மேடை கொடுக்கும். ஒரு மணிக்கு அணிலின் கேன்டீன் திறந்துவிடும். அங்கே போடும் பலாக்கொட்டை அடைக்காகத்தான் பாதிக் காடு சபாவில் உறுப்பினர் ஆகியிருக்கிறது. எங்கள் ரசிகர்களுக்குக் காது எப்படியோ, மூக்கு அபாரம். ஒரு மணிக்கு மேல் சாமியே வந்து பாடினாலும் உட்கார மாட்டார்கள். தலைமையுரைக்குப் பத்து நிமிஷம், மீதி ஓபராவுக்கு என்று திட்டம் போட்டேன். ஆசை யாரை விட்டது?

சிறப்பு விருந்தினராக யானையைக் கேட்டேன், முடியாது என்றார். மானைக் கேட்டேன், ஓடிவிட்டது. கடைசியில் தேன் வாரியத்தின் முன்னாள் தலைவர் கரடியார் ஒப்புக்கொண்டார். பதவி போனதிலிருந்து அவர் யார் கூப்பிட்டாலும் வருவார். வந்துவிட்டால் போக மாட்டார். சிவபூஜையில் கரடி புகுந்த மாதிரி என்பார்கள். அந்தக் கரடியாவது தானாகப் புகுந்தது. இந்தக் கரடியை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவன் நான். அழைப்பிதழில் அவர் பெயர் பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. என் பெயர் கடைசிப் பக்கத்தில், அச்சகத்தின் பெயருக்குக் கீழே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. உச்சி வெயில் நேராக மேடையில் விழுந்தது. பகல் வெளிச்சம் கோமளாவின் கண்ணுக்கு ஆகாது. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, வாய்க்குள் பாட்டைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தவளைகள் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஓபராவில் கடைசிப் பாட்டுக்கு முன்னால் மீன்களின் ராணி விம்முவாள். மேடையில் விம்மல் கேட்டதும் நாலு சுரத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்று தவளைகளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். தவளைகள் சொன்னால் சொன்னபடி நடக்கும். யோசிக்காது.

பதினொன்றுக்கு வர வேண்டிய கரடியார் பதினொன்று ஐம்பதுக்கு வந்தார். "ஹலோ, ஹலோ" என்று மைக்கை ஊதிப் பார்க்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. பிறகு 'தேனும் நானும்' என்ற தலைப்பில் பேச ஆரம்பித்தார். பன்னிரண்டேகாலுக்கு அவர் பிறந்தே இருக்கவில்லை, அப்பா கரடியின் கல்யாணத்தில்தான் நின்றது பேச்சு. பன்னிரண்டரைக்கு, "ஐயா, நேரம் ஆகிறது" என்று துண்டுச் சீட்டு எழுதி அனுப்பினேன். அதை வாங்கிப் பார்த்தவர், "நேரம் போவதே தெரியவில்லை என்று அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார்" என்று மைக்கில் சொல்லிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. சின்ன வயதில், கைக்கு எட்டுகிற தூரத்தில் வெள்ளத்தோடு போன ஒரு தேனடையைப் பற்றிச் சொல்லும்போது கரடியார் உடைந்துபோனார். மைக்கைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

தவளைகளுக்கு விம்மல் கேட்டது. தொடங்கிவிட்டன.

நாலு சுரம் இறங்கியது, மேலே போனது, மறுபடி இறங்கியது. கரடியார் ஒரு கணம் திகைத்தார். மேடைப் பேச்சில் பழம் தின்று கொட்டை போட்டவர் அல்லவா? அந்த நாலு படியிலேயே காலை வைத்து அவரும் இறங்க ஆரம்பித்துவிட்டார். "போச்சே... என் தேன்... போச்சே..." என்று அவர் இழுக்க, மைக் தன் பங்குக்குக் 'கூ' என்று அலறியது. கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. முன்வரிசையில் தொடையில் தாளம் போட்டார்கள். "அடடா!", "பலே!" என்று குரல் வந்தது. ஒற்றைக்காலில் தூங்கிக்கொண்டிருந்த விமர்சகர் கொக்கு இன்னொரு காலையும் ஊன்றிக்கொண்டார். அவர் ரெண்டு காலையும் ஊன்றியது சபா வரலாற்றில் அதுவே முதல் தடவை என்றார்கள்.

கரடியார் முடித்தார். கைதட்டல் அடங்கவே இல்லை. மணி பார்த்தேன். பன்னிரண்டு ஐம்பத்து மூன்று. கேன்டீன் திறக்கச் சரியாக ஏழு நிமிஷம் இருந்தது. கோமளாவின் ஏழு நிமிஷம். மைக் பக்கம் ஓர் அடி வைத்தேன்.

கொக்கு குறுக்கே வந்தார். அவர் கண் ஈரமாக இருந்தது. "அற்புதம் சார்! தலைமையுரையையே ஓபரா ஆக்கிட்டீங்களே! பழசும் புதுசும் அப்படியே கலந்துடுச்சு. கரடியைப் போட்டது உங்க யோசனைதானே?"

இன்னும் ஓபரா ஆரம்பிக்கவே இல்லை, உட்காருங்கள், ஒரு ஆந்தை பாடப்போகிறாள் என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

"ஆமாங்க," என்றேன்.

கீரி ஓடிவந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். ரெண்டு விரற்கடை ஜரிகை. போட்டோ எடுத்தார்கள். கண்ணை மூடிவிட்டேன் என்று மறுபடி எடுத்தார்கள். கரடியார் என்னைக் கட்டிப்பிடிக்க, அதையும் எடுத்தார்கள். அந்த ஏழு நிமிஷம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. உங்களிடம் மறைப்பானேன்?

ஒரு மணிக்குக் கேன்டீன் மணி அடித்தது. கண்மூடித் திறப்பதற்குள் மைதானம் காலி. தவளைகளைக்கூடக் காணோம்.

திரைக்குப் பின்னாலிருந்து, "அண்ணே, இப்ப என் முறையா?" என்று கோமளாவின் குரல் வந்தது.

கறுப்புக் கண்ணாடியோடு, வெளிச்சத்தில் தடுமாறிக்கொண்டு நின்றாள். "ஆமாம்மா, வா," என்று சொல்லிக் கொம்பை நீட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டு மேடை நடுவில் வந்து நின்றாள். தவளைகள் இல்லாத குறைக்கு நாலு சுரத்தையும் நானே என் தகரக் குரலில் பாட ஆரம்பித்தேன்.

கோமளா சிறகுக்குள் தலையைப் புதைக்காமல் பாடினாள். நான் எழுதியது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. ஒரு குளம் தன் மீன்களிடமும், தன்னில் குளித்த எருமைகளிடமும் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு ரெண்டு இடத்தில் சுரம் தப்பியது. அவள் தப்பவில்லை. ஏழு நிமிஷமும் பாடி முடித்துவிட்டு அசையாமல் நின்றாள்.

"எப்படி அண்ணே, கூட்டம்?"

"நிறைஞ்ச கூட்டம் கோமளா. மூச்சு விடாம கேட்டாங்க."

"ஆமா," என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஒருத்தரும் மூச்சு விடலை. ஒரே ஒரு மூச்சுதான் கேட்டுச்சு. நல்லா பெரிய மூச்சு."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"பகல்ல எனக்குக் கண்ணுதான் கூசும் அண்ணே. சருகுக்கு அடியில எலி நடந்தாலும் கேக்கிற காது இது. கொக்கு உங்களைக் கேட்டதும் கேட்டுச்சு, நீங்க ஆமான்னதும் கேட்டுச்சு. இப்ப உங்க தோள்ல சரசரங்குதே, அதுவும் கேக்குது."

குனிந்து பார்த்தேன். பொன்னாடை தோளிலேயே இருந்தது.

"ஆனா சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க அண்ணே. ஒரு கல்லுகூட விழலை," என்று சொல்லிவிட்டுக் கோமளா பறந்து போனாள்.

மழை பெய்தால் எருமைக்குத் தெரியும் என்று முதலிலேயே சொன்னேன்.

அடுத்த மாதம் இரண்டாவது காட்சி. ரசிகர்கள் விரும்பிக் கேட்டபடி கரடியார் முழு இரண்டு மணி நேரமும் பேசுகிறார். கோமளாவின் பொந்து வாசலுக்கு ரெண்டு தடவை போனேன். உள்ளே பாட்டுச் சத்தம் இல்லை. படிவத்தில் 'இதர' கட்டத்தில் இந்தத் தடவை நானே டிக் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஓணான் தலையை ஆட்டினார்.

நீதி: கலைக்காகப் பொய் சொல்லலாம், தப்பில்லை. சொல்லும்போது பொன்னாடையை மட்டும் கழற்றி வைத்துவிட வேண்டும். ஜரிகை சரசரக்கும்.