பரிசம் போடப் போன கார்

முகாம்: வல்லத்திராக்கோட்டைக்கு அருகில், ரோட்டோரப் புளியமரம்
1956 ஆவணி மாதம், வியாழக்கிழமை, உச்சிவெயில்

திருச்சியில் வசிக்கும் மகா ராஜ ராஜஸ்ரீ மச்சான் உடையப்பன் அவர்கள் சமுகத்துக்கு, திருக்கோகர்ணம் ஆத்மநாதன் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் சௌக்கியம் என்று எழுத ஆசைதான். ஆனால் இவ்விடம் என்பது நடுரோடாக இருப்பதால் அப்படி எழுதக் கை வரவில்லை. தங்கள் வயிறு இப்போது தேவலையா? தங்கை மகன் ராசுவின் பரிசத்துக்குத் தாய்மாமனாகிய தாங்கள் நேரில் வராமல், வயிற்றுப்போக்கு என்று தந்தி கொடுத்துவிட்டு, காரையும் டிரைவர் அழகுமலையையும் மட்டும் அனுப்பிவைத்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. காரின் குணம் தெரிந்த வயிறு அது.

காலையில் காபி குடித்த கையோடு கிளம்பினோம். ஒன்றரை மணிக்கு ராகு காலம் பிறக்கும், அதற்குள் அறந்தாங்கியில் பெண் வீட்டுக்குப் போய்ப் பரிசம் போட்டாக வேண்டும். புறப்படுமுன் தங்கள் தங்கை சொர்ணவல்லி காருக்குப் பூஜை போட்டாள். முகப்பு, விளக்கு, சக்கரம், கதவு, பின்பக்கத்து மூடி என்று பளபளத்த இடத்திலெல்லாம் கெட்டிச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தாள். மாப்பிள்ளையைவிடக் காருக்குத்தான் அலங்காரம் தூக்கலாக இருந்தது. முன்னால் ராசுவும் அழகுமலையும். பின்னால் நானும் தங்கள் தங்கையும், எங்கள் நடுவில் என் அக்கா மீனம்மாளும், மூன்று பேர் மடியிலும் பரிசத் தட்டுகளும்.

ஊர் எல்லை தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி இருமியது, குலுக்கியது, நின்றது. அழகுமலை இறங்கிப் பார்த்துவிட்டு, "பெட்ரோல் வரலைங்க" என்றான். "பெட்ரோல் இருக்கா, மொதல்ல அதச் சொல்லு" என்றேன். தங்கள் காரில் பெட்ரோல் அளவு காட்டும் முள் எந்தக் காலத்திலும் படுத்தேதான் கிடக்குமாமே! பின்னால் போய் டாங்கி மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பார்த்தான். முக்கால் குச்சி நனைந்தது. மூடியைத் திருகிவிட்டு முன்னால் வந்து, குழாயைக் கழற்றி வாய் வைத்து உறிஞ்சினான். வாய் நிறையப் பெட்ரோல் வந்தது. துப்பிவிட்டு, "குழாயில தூசிங்க, எடுத்துட்டேன்" என்றான். வண்டி கிளம்பிற்று. இவனைப் போல டிரைவர் உண்டா என்று நான் பாராட்டி முடிப்பதற்குள் மறுபடியும் நின்றது.

இந்த முறை கார்பரேட்டரில் அழுக்காம். பெட்ரோல் வழியில் ஒழுகிவிட்டதோ என்று எதற்கும் ஒரு தடவை குச்சி விட்டுப் பார்த்துக்கொண்டு, கார்பரேட்டரைக் கழற்றி ஊதினான். கிளம்பியது. நின்றது. அடுத்தது, பெட்ரோல் பம்ப் சூடேறிவிட்டதாம், ஈரத் துணி கட்ட வேண்டுமாம். மறுபடி குச்சி. ராசு பரிசத்துக்கு உடுத்த வைத்திருந்த புது வேட்டியை வாய்க்காலில் நனைத்துப் பம்புக்குக் கட்டினோம். அதற்கும் கிளம்பியது. மச்சான், என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், எந்த வைத்தியம் செய்தாலும் உடனே பலிக்கிறது. பலித்துவிட்டு மூன்றாவது மைலில் படுத்துக்கொள்கிறது. இப்படி ஒரு நோயை நான் தங்கள் குடும்பத்தாரிடம் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

பாதி வழியில் மறுபடி நின்றபோது அக்கா வாயைத் திறந்தாள். "வண்டிக்கு ஒண்ணுமில்லடா. இந்தச் சம்மந்தம் வேணாம்னு சாமி வழி மறிக்கிது. வீட்டுக்குத் திருப்பச் சொல்லு." சொர்ணவல்லி அழ ஆரம்பித்தாள். பெண் செங்கமலத்தை ராசு ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து தினமும் சவரம் பண்ணிக்கொள்கிறான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஆனாலும் அக்கா பேச்சைத் தட்டுகிற ஆம்பிளை எங்கள் குடும்பத்தில் இன்னும் பிறக்கவில்லை. அழகுமலை வழக்கம்போல் குச்சி விட்டுப் பார்த்தான், வண்டியைத் திருப்பினான்.

திருப்பியதும் பறந்தது. "பாத்தியா? வீட்டுக்குன்னா மட்டும் எப்பிடி ஓடுது பாரு" என்றாள் அக்கா. சொன்ன வாய் மூடவில்லை, நின்றுவிட்டது. அங்கிட்டும் போகக் கூடாது, இங்கிட்டும் போகக் கூடாது என்றால், சாமி எங்களை இந்தப் புளியமரத்தடியிலேயே குடித்தனம் வைக்கச் சொல்கிறதா? அழகுமலை இப்போதும் குச்சியோடுதான் நிற்கிறான். காற்றில் காகிதம் பறக்கிறதே என்று அவன் கையிலிருந்த டாங்கி மூடியை வாங்கி இதன்மேல் பாரம் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகையால் மச்சான், உருப்படாத வண்டி என்று தெரிந்தே அனுப்பி என் மகன் வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்ட தங்களுக்கும் எங்களுக்கும் இன்றோடு உறவு அற்றது. கல்யாணம் நடந்தால் வர வேண்டாம். நடக்காவிட்டால் துக்கம் விசாரிக்கவும் வர வேண்டாம். வண்டியை ஆள் விட்டு இழுத்துப் போகவும். தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். தங்களுக்கு ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
ஆத்மநாதன்

பி.கு.: கையெழுத்துப் போட்டு மை காய்வதற்குள் ராசு எழுந்து வந்தான். "எந்தப் பக்கம் போனாலும் நிக்கிதுல்ல? அப்ப அறந்தாங்கிப் பக்கமே போயி நிக்கட்டும்ப்பா" என்றான். என்னிடம் சொன்னாலும் அக்காவைப் பார்த்தே சொன்னான். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். அவசரமாக ஏறினோம். கடிதத்தையும் அதன் மேலிருந்த மூடியையும் அப்படியே மடியில் வைத்துக்கொண்டேன். வண்டி இருமவில்லை, குலுக்கவில்லை. அறந்தாங்கி எல்லை வந்தபோதுதான் அழகுமலை, "அய்யா, டாங்கி மூடி எங்கங்க?" என்று கேட்டான். எடுத்துப் பார்த்தோம். மூடியின் நடுவில் காற்றுப் போக ஓர் ஊசித் துளை. அதில் தங்கள் தங்கையின் சந்தனம் காய்ந்து அடைத்துக் கிடந்தது. காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் வெளியே வராதாம். ஒவ்வொரு தடவையும் குச்சி விட மூடியைத் திறந்ததில்தான் வண்டி பிழைத்திருக்கிறது. நாங்களோ குழாய்க்கும் பம்புக்கும் வைத்தியம் பார்த்து மார்தட்டிக்கொண்டிருந்தோம்.

போய்ச் சேர்ந்தபோது ராகு காலம் பிறந்துவிட்டது. வாசலில் நின்ற பெண்ணின் தாயார் பொன்னுத்தாயிடம் நான் ஏதோ சாக்குச் சொல்ல வாயெடுப்பதற்குள் தங்கள் டிரைவர் முந்திக்கொண்டு, "பாதி வழியில வீட்டுக்கே திருப்பிட்டாங்கம்மா" என்று உளறிவிட்டான். ராசுவின் முகம் வெளிறிப்போயிற்று. "திருப்புனீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மாள். "திருப்புனோம். வண்டி போகலை" என்றேன். பொய் எதுவும் கைவசம் இல்லை. அந்த அம்மாள் வாசலிறங்கி வந்து வண்டியை ஒரு பார்வை பார்த்தார். "நீங்க திரும்புறேன்னாலும் வண்டி மாட்டேன்னு நின்டுருக்கு. எம் மகளுக்கு இத விட நல்ல சகுனம் வேற என்னங்க வேணும்? உள்ள வாங்க. ராகு காலம் கழியட்டும், மூணு மணிக்குப் பரிசத்தப் போடுங்க. கல்யாணத்தன்னிக்கும் பொண்ணு மாப்பிள்ளை இதே வண்டியிலதான் வரணும்" என்றார். அக்காவே தலையாட்டிவிட்டாள். சந்தனத்தைப் பற்றி நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை.

பரிசம் போட்டாயிற்று. தட்டு மாற்றும்போது, "மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் எங்கங்க? அவரு கையால மாலை வாங்காம மணவறைக்கு வரப்புடாது" என்று கேட்டார்கள். முதல் ஆளாக வந்து நிற்பார் என்று சொல்லியிருக்கிறேன். ஆகவே மச்சான், மேலே உறவு அற்றது என்று எழுதிய பகுதியைத் தாங்கள் படிக்காமல் தாண்டிவிடவும். கிழித்துப் போடலாம் என்றுதான் பார்த்தேன், நன்றாக அமைந்துவிட்டதால் மனம் வரவில்லை. நீங்கள் இல்லாமல் ராசுவுக்குக் கல்யாணம் இல்லை. வயிற்றைச் சரிபண்ணிக்கொண்டு ஐப்பசியில் அவசியம் வர வேண்டும். வண்டியை இப்போதைக்குத் தர முடியாது. தாங்கள் பஸ்ஸில் வரவும்.