நான்கு பத்துக்கு வருகிறவர்

பத்தொன்பது நாட்களாக, மாலை சரியாக நான்கு பத்துக்கு, யாரோ வெளியிலிருந்து பல் டாக்டரின் வீட்டு சர்வருக்குள் வந்து போயிருந்தார்கள்.

சர்வர் என்பது வாஷிங் மெஷினுக்கு மேல் அலமாரியில் இருந்த கறுப்புப் பெட்டி. மகளின் ஆறு வருடப் படங்களும் வீடியோக்களும் அதில் மட்டும்தான் இருந்தன. முதல் பல் முளைத்ததை மட்டும் டாக்டர் பதினொரு கோணத்தில் எடுத்திருந்தார். அந்நியர் யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காகவே வாங்கிய பெட்டி அது.

பெட்டியின் வருகைப் பதிவில் இதைக் கண்ட அன்றே டாக்டர் பாஸ்வேர்டை மாற்றினார். தனக்கு மறந்துவிடும் என்று மனைவியிடமும் சொல்லிவைத்தார். மறுநாள் வந்தவன் புது பாஸ்வேர்டை ஒரே தடவையில் அடித்து உள்ளே போனான்.

"எதையும் அழிக்கலையே. விடுங்களேன்" என்றாள் மனைவி.

"திருடன் செருப்பைக் கழட்டிட்டு வந்தா உட்காரவச்சு காபி குடுப்பியா?"

வெளி இணைப்பு முழுவதையும் அடைத்தார். நான்கு பத்துக்கு யாரும் வரவில்லை. கிளினிக்கிலிருந்து அவராலும் வர முடியவில்லை. அதைச் சரிசெய்ய உட்கார்ந்தவர், தவறான கட்டத்தில் டிக் போட்டு, வீட்டிலிருந்த கம்ப்யூட்டரும் உள்ளே போக முடியாதபடி பூட்டிவிட்டார்.

"இப்ப ரொம்பப் பாதுகாப்பா இருக்கு. நம்மகிட்ட இருந்தும்" என்றாள் மனைவி.

பெட்டியின் பின்னால் ஒரு சிறு துளை இருந்தது. அதைக் குண்டூசியால் அழுத்திப் பிடித்தால் பூட்டு விடும் என்று எங்கோ படித்திருந்தார். தெரிந்தவர்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று மனைவி கெஞ்சினாள். துளைகளைப் பற்றித் தனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்ற டாக்டர், நிதானமாக இருபது வரை எண்ணினார்.

பெட்டி திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

விற்ற கடைக்குப் போன் செய்தார். பத்து நொடி பிடித்தால் பாஸ்வேர்ட் மட்டும் போகும், இருபது நொடி பிடித்தால் எல்லாம் போகும் என்று அங்கிருந்த பெண் பொறுமையாக விளக்கினாள்.

டாக்டர் வாஷிங் மெஷின் மேல் கையூன்றி நின்றார். மகளின் முதல் பல், முதல் நடை, முதல் பள்ளி நாள். குண்டூசி இன்னும் விரலிடுக்கில் இருந்தது.

மனைவி தன் அப்பாவுக்குப் போன் போட்டு, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, ஸ்பீக்கரை அழுத்தி, டாக்டரின் கையில் கொடுத்தாள்.

மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, தினமும் நாலு பத்துக்கு வந்தது நான்தான். கொஞ்சம் கொஞ்சமா காப்பி எடுத்து, பாப்பாவுக்கு மூணு வயசு வரைக்கும் வந்துட்டேன். அதுக்குள்ள நீங்க கதவைச் சாத்திட்டீங்க."