கொலுவில் ஏழாவது மீன்

மூன்றாம் படியில், செட்டியாருக்கும் செட்டிச்சிக்கும் நடுவே, நெற்றியில் குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது ஜம்புவின் நாற்பது வருஷத்து ரகசியம்.

மரத்தில் செதுக்கி வர்ணம் பூசிய மீன்கள். கண்ணாடிக் கண், வயிற்றிலும் வாலிலும் கொக்கி. தூண்டிலில் கட்டிக் கடலில் இழுத்தால், நிஜ மீன் இதை இரையென்று நம்பி வந்து கவ்வும். சுருக்கமாகச் சொன்னால் பொய்மீன்.

"அம்மிணி, இதெல்லாம் எங்கேர்ந்து வந்தது?"

"பரண்லேர்ந்து. பொம்மை தேடறச்சே ஒரு பிஸ்கட் டப்பா கெடச்சுது. உங்களோடதா?"

"நான் பாத்ததே இல்லை," என்றார் ஜம்பு. அது போதாது என்று பட்டது. "ஆபீஸ்ல ஒரு ஜப்பான் கேப்டன் கொடுத்தான். குழந்தைகள் வெளையாடற பொம்மை."

"பாத்ததே இல்லேன்னேளே."

"கொடுத்தான். பாக்கலை."

அம்மிணி ஒன்றை எடுத்துத் திருப்பினாள். "வயத்துல எதுக்குக் கொக்கி?"

"சுவத்துல மாட்டறதுக்கு."

"வால்லயும் இருக்கே."

"ஜப்பான்ல பூகம்பம் ஜாஸ்தி. ஒண்ணு விட்டாலும் இன்னொண்ணு பிடிச்சுக்கும்."

அம்மிணி தலையை ஆட்டிக்கொண்டாள். "நல்லதாப் போச்சு. நம்ம தசாவதாரத்துல மத்ஸ்யம் ஒடஞ்சு நாலு வருஷமாச்சு. இப்போ பெருமாளே குடும்பத்தோட வந்துட்டார்."

 ஜம்பு எந்த உண்மையைச் சொல்வார்? கல்யாணத்துக்கு முன்னால், கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தபோது, பக்கத்து மேஜை பெர்னாண்டஸோடு ஞாயிற்றுக்கிழமைகளில் பாந்த்ரா கடற்கரைப் பாறைகளில் தூண்டிலோடு நின்றதையா? ஆயுளில் பிடித்தது ஒரே மீன். அதையும் மன்னிப்புக் கேட்டுக் கடலில் விட்டுவிட்டார். ஆனால் பெர்னாண்டஸ் கொடுத்துவிட்டுப் போன பொய்மீன்களை விட மனசு வரவில்லை. சிவப்புத் தலையும் வெள்ளை உடம்புமாக ஒன்று, அதுதான் செல்லம். அம்மிணி கோயிலுக்குப் போகும் நேரங்களில் ஸ்டூல் போட்டு ஏறி, டப்பாவைத் திறந்து, அதன் முதுகைத் தடவி, உப்புக்காற்றை முகர்ந்துவிட்டு இறங்குவார். அறுபத்தெட்டு வயசில் ஒருத்தர் ஸ்டூல் ஏறினால் எதிர்க் கட்டடத்து ஜன்னல்களுக்குத் தெரியாமலா போகும். சரி, அது வேறு.

பெண் பார்க்க வந்த அன்று "கெட்ட பழக்கம் ஏதும் உண்டா?" என்று மாமனார் கேட்டதற்கு "காப்பி மட்டும்" என்றவர் ஜம்பு. அம்மிணியோ, பஸ்ஸில் மீன்கூடை ஏறினால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுகிறவள். சனிக்கிழமை தவறாமல் நெருளுக்கு நாராயணீயம் வகுப்புக்குப் போவாள். கையில் உறை போட்ட நீளக் குடை. அந்தக் குடையை வெயிலில்கூட விரிக்காமல் முகம் கறுத்துத் திரும்பி வருகிற வைராக்கியத்தை அவர்கள் குடியிருக்கும் மாதுங்காவே மெச்சும். வந்ததும் யாரையும் தொடாமல் நேரே குளியலறை. ரயில் தீட்டாம். கொலு வைக்கிற வேலையில் போன சனிக்கிழமைதான் வகுப்பு தவறியது. அப்பேர்ப்பட்டவளுக்கு இந்த விஷயம் தெரிந்தால், ஜம்பு மிச்ச ஆயுளுக்கும் வாசல் பெஞ்சில்தான் காப்பி குடிக்க வேண்டியிருக்கும்.

மறுநாள் சாயங்காலம் இரண்டாம் மாடி வாலாம்பாள் வந்தாள். தாம்பூலம் வாங்கக் குனிந்தவளின் பட்டுத் தலைப்பை மூன்றாம் படி கவ்வியது.

"அய்யோ, என் அரக்குப் பட்டு."

"அசையாதீங்கோ," என்றார் ஜம்பு. கொக்கியை இழுக்காமல் உள்பக்கமாகத் தள்ளி, லேசாகத் திருப்பி, ஒரு நூல் பிரியாமல் எடுத்துவிட்டார். நாற்பது வருஷம் கழித்தும் விரல் மறக்கவில்லை.

வாலாம்பாள் புடவையை விட்டுவிட்டு அவர் விரலைப் பார்த்தாள். "மாமா கைக்கு ரொம்பப் பழக்கம் போலருக்கே."

"ஆபீஸ்ல ஸ்டேப்ளர் பின் எடுத்து எடுத்து..."

"எங்காத்துக்காரரும்தான் ஆபீஸ் போனார்," என்றாள் வாலாம்பாள். அவள் அதற்கு மேல் பேசாததுதான் ஜம்புவுக்குப் பயமாக இருந்தது.

அவள் போனதும் மீன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். டப்பாவில் இருந்தவை ஆறு. படியில் ஏழு இருந்தன. ஏழாவது நீலம், வெள்ளி வயிறு. புத்தம் புதுசு. அதை அவர் கண்டதே இல்லை.

"அம்மிணி, இந்த நீலம்?"

"டப்பாலதான் இருந்தது."

"டப்பாலயா?"

"ஏன், நீங்கதான் டப்பாவையே பாக்கலையே."

ஜம்பு உட்கார்ந்துவிட்டார். பெர்னாண்டஸ் கொடுத்ததா? எப்போது? மறதி வியாதி முதலில் மீனிலிருந்துதான் ஆரம்பிக்குமா? இரவெல்லாம் நீலத்தை யோசித்தார்.

காலையில் ஒரு முடிவுக்கு வந்தார். நீலம் யாருடையதாகவோ இருக்கட்டும், சிவப்புத் தலையையாவது காப்பாற்றிவிட வேண்டும். வைத்த பொம்மையை நடுவில் எடுக்கக் கூடாது என்பது அம்மிணியின் சட்டம். அவள் அடுப்படியில் சுண்டலுக்குத் தாளிக்கும் நேரம் பார்த்து அதை எடுத்தார். காலிங் பெல் அடித்தது. அவசரத்தில் பேண்ட் பாக்கெட்டில் போட்டார்.

வந்தது ஆண்டாப் ஹில்லிலிருந்து பஜனை கோஷ்டி, பத்துப் பேர்.

"உட்காருங்கோ மாமா," என்றார்கள்.

ஜம்பு பாதி உட்கார்ந்தார். கொக்கி தொடையைத் தொட்டது. எழுந்தார். "பரவாயில்லை, நிக்கறேன்."

லலிதா சஹஸ்ரநாமம் முழுக்க நின்றார். ஒவ்வொரு முறை மூச்சு இழுக்கும்போதும் கொக்கி அவரை நினைவுபடுத்தியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. பஜனைக்காரிகள் பார்த்தார்கள், உருகினார்கள். ராத்திரிக்குள் வாலாம்பாள் எல்லா மாடிக்கும் சொல்லிவிட்டாள்: ஜம்பு மாமா நவராத்திரி முடியும்வரை அம்பாள் முன்னால் உட்காருவதில்லை என்று விரதம். மறுநாள் அதைப் பார்க்கவே கூட்டம் வந்தது. தொடையில் பிளாஸ்திரியோடு மறுபடி நின்றார். சிவப்புத் தலையைப் படியில் திரும்ப வைத்தாயிற்று. விரதத்தைத்தான் திரும்ப வைக்க இடமில்லை.

"உங்களுக்குள்ள இவ்வளவு பக்தி இருக்கும்னு நேக்குத் தெரியாதுன்னா," என்றாள் அம்மிணி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அழுகிறாள் போலும் என்று ஜம்புவுக்கு இன்னும் குற்ற உணர்ச்சி.

இனி ஒரே வழி. பழைய தூண்டில் சாமான் பிரியர்களுக்கென்று போனில் ஒரு குழு உண்டு. ஜம்பு அதில் பேசாத உறுப்பினர். அதில் இருந்த காட்கோபர் தூண்டில் கடைக்காரர் அப்துல் ஹாதிக்கு, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு போன் செய்தார்.

"பொம்மைக்கு வர்ணம் அடிக்கறவர்னு சொல்லி வாங்கோ. ஏழு மீனையும் எடுத்துண்டு போங்கோ. நவராத்திரி முடிஞ்சதும் நான் வந்து வாங்கிக்கறேன்."

"சார், நமக்கு வர்ணம் அடிக்கத் தெரியாதே."

"அடிக்க வேண்டாம். பாய், இது என் குடும்ப விஷயம்."

அம்மிணியிடம், பெருமாளுக்கு வர்ணம் உரிந்திருக்கிறது, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன் என்றார். வைத்த பொம்மையை எடுக்கக் கூடாதே என்று சண்டை வரும் என எதிர்பார்த்தார். "வரச் சொல்லுங்கோ, பாக்கலாம்," என்று மட்டும் சொன்னாள். ஜம்புவுக்கு அதுவும் புரியவில்லை.

மறுநாள் மத்தியானம் அப்துல் ஹாதி ஒரு தோல் பையோடு வந்தார். வாலாம்பாள் ஏற்கெனவே வந்து சோபாவில் இடம் பிடித்திருந்தாள். ஹாதி கொலுவின் முன் மண்டியிட்டார். சிவப்புத் தலையை இரண்டு கையாலும் எடுத்தார்.

"மாஷா அல்லா," என்றார் மெதுவாக. "இந்த மாதிரி சாமான் இப்ப யாரு செய்றா."

"பொம்மை," என்றார் ஜம்பு, வாலாம்பாளை ஓரக்கண்ணால் பார்த்து.

"ஆமாமா, பொம்மை." ஹாதி அவர் காதருகே குனிந்தார். "ஆறும் பழசு, அசல். ஆனா சார், இந்த நீலம் ஒங்க செட்டுல சேந்தது இல்லயே."

"அதான் பாய் நேக்கும் புரியல. மூணு நாளாத் தூக்கமில்லை."

"இது நம்ம கடைச் சரக்காச்சே," என்று ஹாதி நெற்றியைச் சொறிந்தார். "யாருக்குக் குடுத்தேன்..."

அடுப்படித் திரை விலகியது. சுண்டல் தட்டோடு வந்த அம்மிணி, வந்த வேகத்திலேயே நின்றாள். ஹாதியின் முகம் மலர்ந்தது.

"அட, நெருள் மாமி. போன சனிக்கிழமை ஏன் படகுத்துறைக்கு வரல? நீலத்துக்குத்தான் மீன் நல்லாக் கடிக்குது, இன்னொண்ணு வேணும்னீங்களே, பையிலயே வச்சுச் சுத்திக்கிட்டிருக்கேன்."