என் மோட்டார் கம்பியும் பிரேக் அண்ணன் கிட்டாரும்

மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் மெக்கானிக் பிரேக் அண்ணனிடம் மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, கொடுத்தது கொடுத்தபடி திரும்ப வாங்கிய மனிதன் ஒருவன்கூடக் கிடையாது. இருந்தால் வரச் சொல்லுங்கள், காலில் விழுகிறேன். எந்த மோட்டாரை உருட்டிக்கொண்டு போனாலும், என்ன கோளாறு என்றுகூடக் கேட்காமல், "மொதல்ல பிரேக்கைப் பார்க்கணும் லா" என்பார். அதனால்தான் அந்தப் பெயர்.

அப்பேர்ப்பட்டவர் கையில் ஒரு கிட்டார் சிக்கியது. நம் பையன்கள் தோளில் மாட்டிக்கொண்டு திரிகிற ஜாதி இல்லை. நான்கு காலில் மேசை மாதிரி நிற்கும். மேலே பத்துக் கம்பி, கீழே வரிசையாக மிதிகள். கையில் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்துக் கம்பிமேல் இழுத்துக்கொண்டே காலால் மிதியை அழுத்தினால், சுருதி வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் பழைய சாமான்களை விற்கும் பண்டல் கடையில், துணி தேய்க்கும் மேசை என்று யாரோ ஓரம் கட்டி வைத்திருந்தார்கள். இவர் குனிந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்துத் தொலைத்தார்.

"தம்பி, உள்ள அத்தனையும் நம்ம வேலைதான் லா! கம்பி, ஸ்பிரிங், நட்டு! எஞ்சின் மட்டும்தான் இல்ல!" என்று என்னிடம் வந்து குதித்தார்.

குதித்துவிட்டுப் போகட்டும். ஊரார் மோட்டார்களெல்லாம் வெயிலில் காய, இவர் நாள் முழுக்க அதன் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தால் வயிறு எரியுமா எரியாதா? கேட்டதற்கு, "கவிதா கல்யாண டின்னர்ல, பொண்ணு மாப்பிள்ளை மண்டபத்துக்குள்ள நடந்து வரும்போது நான்தான் வாசிப்பேன். அப்பன் வாசிச்சு மக நடந்து வரணும், தம்பி" என்றார்.

மகள் கவிதா கையெடுத்துக் கும்பிட்டாள். "அப்பா, டீஜே இருக்கான். விட்டுடுங்கப்பா."

மனிதர் கேட்டால்தானே! ஒத்திகையில் ஒழுங்காக வாசித்தால் அப்பா, சொதப்பினால் டீஜே என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

இந்த நேரம் பார்த்து நான் என் மோட்டாரை டயர் மாற்றக் கொடுத்திருந்தேன். டயர் புதிதாக வந்தது. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிற வழியில், கோயில் முனையில் பின் பிரேக்கை மிதித்தேன். மிதி தரையைத் தொட்டது. மோட்டார் நிற்கவில்லை. நேராக மாலைக் கடைக்குள் போனேன். வெளியே வந்தபோது என் கழுத்தில் சாமந்தி மாலை. மாலைக்காரம்மா கொடுத்த அர்ச்சனையை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

"அண்ணே! என் பின் பிரேக் கம்பி எங்கண்ணே?"

"அலாமா! கிட்டார் மிதிக்கு ஒரு கம்பி கொறைஞ்சுது தம்பி. ஒங்களுது அளவெடுத்த மாதிரி உக்காந்துருச்சு. வேற போடலாம்னு இருந்தேன், சுருதி நெனைப்புல மறந்துட்டேன் லா. முன் பிரேக்கு இருக்குல்ல?"

உயிர் போயிருந்தாலும் இப்படித்தான் சொல்லியிருப்பார்!

ஒத்திகை நாள் வந்தது. பாட்டு நன்றாகவே கிளம்பியது. நடுவில் ஒரு சுரம் பிசகியது. பிசகியதும் அவர் வலது கால் தன்னால் பிரேக்கை மிதித்தது. காலமெல்லாம் மோட்டார் ஓட்டிய கால் அல்லவா! ஆனால் இந்தக் கிட்டாரில் வலது காலுக்குக் கீழே தனியாக இருப்பது சத்தத்தைக் கூட்டுகிற மிதி. பிசகிய சுரம் தூரத்துப் பாலிங் ஊர் வரைக்கும் கேட்டது. பதறிப்போய் இன்னும் அழுத்தி மிதித்தார். கவிதா காதைப் பொத்திக்கொண்டாள்.

"டீஜேதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

"அந்த மிதியைக் கழட்டி எறிங்கண்ணே!"

"சத்தம் ஏறி எறங்கினாத்தான் தம்பி பாட்டு அழும். காலுதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று தலையைத் தொங்கப்போட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! என் கம்பியைப் பிடுங்கி, என்னை மாலைக் கடைக்குள் தள்ளி, அவ்வளவும் ஒரு டீஜே பயல் பட்டனைத் தட்டுவதற்கா? கவிதாவிடம் போய்க் கத்தினேன். "அந்த மிதியை நான் பார்த்துக்கறேன்மா. ஒங்கப்பாதான் வாசிக்கறாரு. அவ்வளவுதான்!" அவள் பயந்துபோய்ச் சரி என்றாள்.

டின்னரன்று பட்டு வேட்டியோடு கிட்டாருக்கு அடியில் ஊர்ந்து போய் உட்கார்ந்தேன். சத்தத்து மிதியை என் பக்கம் இழுத்து வைத்துக் கையால் அமுக்கினேன். பாட்டு தொடங்கியது. பிசகும்போதெல்லாம் அண்ணனின் வலது கால் வெறும் கம்பளத்தை மிதித்துக்கொண்டிருந்தது. நான் சத்தத்தைக் குறைத்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள்தான். மருதாணி போட்ட இரண்டு கால்கள் நடந்து வந்தன. மேடைக்குப் போகவேண்டியவை, அப்பாவுக்கு எதிரே நின்றுவிட்டன. பாட்டு முடிகிறவரை நகரவில்லை. அண்ணனின் வலது காலும் அதற்குப் பிறகு பிரேக்கைத் தேடவில்லை. கீழே உட்கார்ந்து நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். தூசி என்றா நினைக்கிறீர்கள்? அழுகைதான்.

மறுவாரம் ஸ்பேனரோடு என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"கல்யாணந்தான் முடிஞ்சிருச்சே தம்பி. ஒங்க கம்பியக் கழட்டித் தந்துடறேன் லா."

"அதுல கை வச்சீங்கன்னா தெரியும் சேதி!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "அடுத்தது என் பொண்ணு கல்யாணம்ண்ணே!"