கடைசிப் பக்கத்தார்

மனிதர்களில் கடைசிப் பக்கத்தார் என்று ஓர் இனம் இருக்கிறது. பல்கலைக்கழக வராந்தாக்களில் செழித்து வளரும். புத்தகமோ கட்டுரையோ, எது கையில் கிடைத்தாலும் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய், யார் யாரை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற பட்டியலில் தம் பெயரைத் தேடுவார்கள். இருந்தால், ஆழமான கட்டுரை. இல்லாவிட்டால், இந்தக் காலத்தில் யாரும் எதையும் படிப்பதில்லை.

இந்த இனத்தின் அசல் வார்ப்பு ஒருவரை எனக்குத் தெரியும். கடல் சூழலியல் பேராசிரியர். ஆழமில்லாத கடலின் அடியில் வயல் மாதிரி விரிந்து கிடக்கும் கடற்புல்தான் அவர் துறை. இளமையில் முதுகில் காற்றுக் குடுவையைக் கட்டிக்கொண்டு, குளிரில் உதடு நீலம் பாரிக்க, அந்தப் புல்லைச் சதுரம் சதுரமாக அளந்தவர். எந்த மீன்குஞ்சு எங்கே ஒளியும், எந்தக் கடற்குதிரை எந்தப் புல்லில் வாலைச் சுற்றும் என்றெல்லாம் சொல்லக்கூடியவர். நல்ல விஞ்ஞானி, சந்தேகமே வேண்டாம். ஆனால் பேர் பரவப் பரவ, கடலுக்குப் போவது குறைந்து, தம்மை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று கணினியில் பார்ப்பது கூடிப்போயிற்று. காலையில் பல் துலக்குமுன் ஒரு தடவை. துலக்கிய பின் ஒரு தடவை. நடுவில் யாராவது காட்டியிருந்தால்?

மனைவி பல் மருத்துவர். அவரிடம்தான் முறையீடு.

"அந்த நண்டு ஆராய்ச்சிக்காரன் என்னை விட்டுட்டான்."

"எங்க விட்டான்?"

"கட்டுரையில. இவ்வளவு நீளம் எழுதியிருக்கான், என் பேர் ஒரு இடத்துல இல்ல."

"அவர் நண்டப் பத்தித்தானே எழுதினார்?"

"நண்டு எங்க நடக்குது? புல்லு மேலதானே."

பகலெல்லாம் பதில் பேச முடியாத வாய்களோடு பழகிய மனைவிக்கு, வீட்டில் ஓயாமல் பேசும் இந்த வாய் ஒரு மாறுதல்.

இப்படி இருக்கையில், துறைமுகம் கட்டவிருந்த ஒரு நிறுவனத்தின் தடித்த அறிக்கையைப் பழைய மாணவி ஒருத்தி கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். கப்பல் வருவதற்காகக் கடலடியைத் தோண்டி ஆழமாக்கப் போகிறார்கள். தோண்டும் இடம், பேராசிரியர் அளந்த அதே புல்வெளி. அவர் வழக்கம்போல் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அவர் பெயர் இருந்தது. ஒரு தடவை அல்ல, வரிசையாக. முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா, கம்பெனிக்காரங்ககூட என்னைப் படிக்கிறாங்க."

"சார், முன்பக்கமும் கொஞ்சம் பாருங்க."

பார்த்தார். 'கடற்புல் விரைவிலேயே மீண்டும் தழைத்துவிடும்' என்று அவர் பெயரைப் போட்டு அச்சிட்டிருந்தது. அவர் எழுதியதுதான். ஆனால் அந்த வாக்கியம், 'வேர் மண்ணில் இருக்குமானால்' என்று தொடங்கும். முன்பாதியை வெட்டி எறிந்துவிட்டு, அவருடைய இனத்துக்கு ஏற்றபடி, கடைசிப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சும்மா இருந்திருக்கலாம். அந்த அறிக்கையைப் பார்த்து இன்னும் பல துறைமுகக்காரர்கள் எழுதுவார்கள், எல்லாவற்றிலும் அவர் பேர் இருக்கும். இரண்டு நாள் அந்த ஆசை அவரை ஆட்டி வைத்தது. கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தவரை மனைவி நிறுத்தினார்.

"அப்ப அந்தப் புல்லு திரும்ப வராதா?"

"வேரோட வாரிட்டா எப்படி வரும்?"

"அத அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. என்கிட்ட எதுக்கு?"

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். நிறுவனத்துப் பொறியாளர் எழுந்து, "உலகப் புகழ்பெற்ற நிபுணரே சொல்லியிருக்கிறார்" என்று அந்த அரை வாக்கியத்தைப் படித்தார். 'உலகப் புகழ்பெற்ற' என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மவர் ஒரு கணம் கண்ணை மூடிச் சுவைத்ததை நான் பார்த்தேன். பிறகு எழுந்தார்.

"அந்த நிபுணர் நான்தாங்க. நான் சொன்னதுல பாதியைத்தான் படிச்சீங்க."

மீதிப் பாதியைச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. முன்பு ஒரு படகின் நங்கூரம் கிழித்த இடத்தில் இன்றுவரை ஒரு புல்கூட முளைக்காததையும், அங்கே குஞ்சு பொரித்த மீன்கள் இடம் மாறிப் போனதையும், தம்மை மறந்து சொல்லிக்கொண்டே போனார். 'என் கட்டுரையில்' என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை.

"அப்ப எங்கதான் சார் தோண்டுறது?" என்றார் பொறியாளர், சலிப்போடு.

"தெற்குப் பக்கம் வெறும் மணல். அங்க தோண்டுங்க."

தெற்கே மாற்றினார்கள். புல் பிழைத்தது. சில மாதம் கழித்துப் புது அறிக்கை வந்தது. பேராசிரியர் கடைசிப் பக்கத்துக்குப் போனார். மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார். பெயர் இல்லை. மணலைத் தோண்டுகிறவர்களுக்குப் புல் நிபுணர் எதற்கு?

"என் பேரையே எடுத்துட்டாங்க."

"புல்லு?" என்றார் மனைவி.

"அது அப்படியே இருக்கு."

"அப்புறம் என்ன?"

"இருந்தாலும், ஒரு வரி போட்டிருக்கலாம்."

வாழ்நாளில் அவர் செய்த பெரிய காரியம் அது. எந்தப் பட்டியலிலும் அது ஏறவில்லை என்பதில் அவருக்கு இன்றைக்கும் மனத்தாங்கல்தான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கல்யாணத்தில் கூட்டமாக நின்று எடுத்த படம் கைக்கு வந்தால் நீங்கள் முதலில் யார் முகத்தைத் தேடுவீர்கள்? மணமக்களையா? மற்ற எல்லாரும் அழகாக விழுந்து, நீங்கள் மட்டும் கண்ணை மூடியிருந்தால், படம் நன்றாக வந்திருக்கிறது என்றா சொல்வீர்கள்?