புள்ளிகளுக்குப் பெரட்டு எடுத்தவர்

உலகத்தில் உள்ள சகலத்தையும் நான்கே வட்டத்துக்குள் அடக்கிவிட்ட ஒரே மனிதர் எங்கள் ரேடார் அண்ணன்தான். கண்டியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் சொஃப்ட்வெயார் கம்பெனியின் சின்னக் கிளை. அங்கே அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

ஒரு கம்பெனி எந்தெந்தத் தொழில்நுட்பத்தை நம்புகிறது, எதைக் கைவிடப் போகிறது என்பதை வட்டமான ஒரு படத்தில் புள்ளிகளாகக் காட்டுவார்கள். அதுதான் ரேடார். நடுவில் இருக்கும் வட்டம் ‘எடு’. அடுத்தது ‘பழகிப் பார்’. அதற்கடுத்தது ‘யோசி’. கடைசி வெளிவட்டம் ‘விடு’. பல பேர் இணையத்தில் யாரோ போட்ட படத்தைப் பார்த்து அப்படியே போட்டுக்கொள்வார்கள். எங்கள் ஆளுக்கு அது ஆகாது. நம்ம கை பட்டதுதான் நம்ம புள்ளி என்று சொல்லி, எங்கள் வேலையிலிருந்தே தரவு சேர்த்து, தானே ஒன்றைக் கட்டினார். அட்டவணையில் ஒரு வரியை மாற்றினால் திரையில் புள்ளி தானாக நகர்ந்து வேறு வட்டத்தில் போய் உட்காரும். அழுத்தினால் அதன் கதை விரியும். ஒவ்வொரு முறை நகரும்போதும் அவரே கைதட்டிக்கொள்வார்.

அதோடு நின்றிருந்தால் சாதாரண இன்ஜினியர் என்று விட்டிருப்போம். கீழ்க்கடை மாலுபாண் என்கிற மீன் பணிஸ் ‘எடு’, சாப்பாட்டுப் பார்சலில் வரும் மீன் ‘யோசி’, மனேஜரின் பகிடிகள் ‘விடு’ என்று அவர் எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொன்னார். தெல்தோட்டையில் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் மாமா அபிப்பிராயம் கேட்டிருக்கிறார். இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “இப்போதைக்குப் பழகிப் பாருங்கிற வட்டத்துல வைக்கலாங்க” என்றாராம். மாமா லட்டுத் தட்டை உள்ளே கொண்டுபோய்விட்டார். மறுநாள் அலுவலகத்தில் இதைச் சொன்னவர், லட்டு நன்றாக இருந்தது என்று மட்டும் வருத்தப்பட்டார்.

அவர் கலஹா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத்தில் காலையில் எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டிப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதைப் பெரட்டு என்பார்கள். வராதவருக்கு அன்றைக்குப் பேர், அதாவது நாள் சம்பளம், கிடையாது. இவர் அதை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். காலையில் நாங்கள் வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் கூப்பிடுவது எங்கள் பெயரை அல்ல, புள்ளிகளின் பெயரை. அந்தத் தொழில்நுட்பத்தோடு வேலை செய்கிறவர் “நான் இருக்கேன்” என்று பதில் சொல்ல வேண்டும். புள்ளிக்குள் அவர் பெயர் ஏறும். யாரும் பதில் சொல்லாவிட்டால் புள்ளி நேரே வெளிவட்டத்துக்கு. மனேஜர் ஜன்னலோரம் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டே சிரிப்பார்.

அப்போதுதான் கொழும்புத் தலைமை அலுவலகம் எங்கள் கிளையை மூடப் போகிறது என்று செய்தி வந்தது. வேலை வேண்டுமானால் கொழும்புக்கு வர வேண்டும். பக்கத்து மஹய்யாவயில் எங்கள் வீட்டில் அப்பா பாரிசவாதத்தில் படுத்திருந்தார். காலையில் அவரைத் தூக்கி உட்கார வைப்பது நான். கிளை போனால் எனக்கு வேலை போனது போலத்தான்.

பெரிய முதலாளி கடைசியாக ஒருமுறை பார்க்க வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். ரேடார் அண்ணன் இஸ்திரி போட்ட சேர்ட்டோடு பெரிய திரையில் வட்டத்தை விரித்தார். முதலாளி அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு வெளிவட்டத்தில் ஒரு புள்ளியைக் காட்டினார்.

“இதென்ன தம்பி? எங்கட முழு வியாபாரமும் இந்தத் தரவுத்தளத்திலதானே ஓடுது. இதை ஏன் ‘விடு’ எண்டு போட்டிருக்கிறீர்?”

ரேடார் அண்ணன் புள்ளியை அழுத்தினார். ‘பதில் சொன்னவர்: யாருமில்லை’ என்று திரையில் விரிந்தது. அந்தத் தரவுத்தளம் என் பொறுப்பு. முந்தின நாள் தெல்தோட்டைக் கோயில் திருவிழாவுக்காக நான் லீவு எடுத்திருந்தேன். மனுசன் அன்றைக்கும் பெரட்டு எடுத்திருக்கிறார். முறைப்படி வெளியே தள்ளியும் இருக்கிறார். முதலாளி வருகிற அவசரத்தில் இன்று காலைப் பெரட்டு நடக்கவில்லை.

“நேத்து இந்தப் புள்ள லீவுங்க சேர். பேர் கூப்பிட்டேன், வேற யாரும் பதில் சொல்லல.”

“அப்ப இது இந்தப் பிள்ளை ஒராளுக்குத்தான் தெரியுமோ?”

“ஆமாங்க சேர். கொழும்பையும் சேத்துத்தான் சொல்றேன்.”

முதலாளி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரேடார் அண்ணனுக்கு அப்போதுதான் மூளையில் ஏதோ பற்றிக்கொண்டது. எங்கள் பக்கம் திரும்பி, கொழும்புக்கு வர முடியாதவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். முதலில் என் கை. பிறகு ஒவ்வொன்றாக மற்றக் கைகள். கடைசியில் மனேஜரும் தூக்கினார். ரேடார் அண்ணன் அட்டவணையைத் திறந்து கை தூக்கியவர்களின் பெயர்களை அழித்தார். திரையில் புள்ளிகள் நகரத் தொடங்கின. நடுவட்டத்திலிருந்து ஒன்று, பின்னாலேயே இன்னொன்று, பிறகு கூட்டமாக வெளியே போய் விளிம்பில் ஒட்டிக்கொண்டன. நடுவில் வெறும் வெள்ளை.

அந்த ஒருமுறைதான் புள்ளி நகர்ந்தும் அவர் கைதட்டவில்லை.

முதலாளி அந்த வெள்ளையைப் பார்த்தார். பிறகு எழுந்தார். “சரி. நீங்கள் இஞ்சயே இருங்கோ” என்றார். போகும்போது அந்தப் படத்தைத் தனக்கும் அனுப்பச் சொன்னார்.

அவருடைய வாகனம் திரும்பும் வரைதான் நாங்கள் மரியாதையாக நின்றோம். அப்புறம் நாங்கள் போட்ட கூச்சலில் பேக்கரிக்காரர் கரண்டியோடு மேலே ஓடிவந்தார். மனேஜர் தன் காசில் கேக் வாங்கினார். ரேடார் அண்ணனைத் தூக்கினோம், மேசையில் ஏற்றினோம், பேசச் சொன்னோம். அவர் கேக்கைக் கடித்துப் பார்த்து, ‘எடு’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அன்று நான் வீட்டுக்கு நடந்து போகவில்லை, ஓடினேன். செய்தியைச் சொன்னதும் அப்பா பாதி வாயால் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு ரேடார் அண்ணன் தந்தது.

எங்களையெல்லாம் கண்டியில் நிறுத்தி வைத்த மனுசன், போன வருடம் கல்யாணம் கட்டி, மனைவிக்கு அங்கே வேலை என்று கொழும்புக்கே போய் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். இப்போது பெரட்டு எடுப்பது நான். அவர் பெயரில் இருந்த சில புள்ளிகளுக்கு ஆள் இல்லை. முறைப்படி அவற்றை வெளியே தள்ள வேண்டும். தினமும் கூப்பிடுகிறேன். யாரும் பதில் சொல்வதில்லை. கொஞ்சநேரம் பொறுத்திருந்துவிட்டு அடுத்த புள்ளிக்குப் போகிறேன். இன்னும் தள்ளவில்லை.